உடற்கூறு கற்ற ஓவியர்

இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில் டஸ்கனி என்னும் மாநிலம் உள்ளது. அதன் தலைநகரம் பிளாரன்சு. அந்நகருக்கு மேற்கே, ஒலிவ மரங்களும் திராட்சைத் தோட்டங்களும் சூழ்ந்த குன்றுகளின் நடுவே, வின்சி என்றொரு சிற்றூர் அமைந்திருக்கின்றது. 1452-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 15-ஆம் நாள் அவ்வூர்ப் புறத்தே ஓர் ஆண் மகவு பிறந்தது. பாட்டனார் அந்தோனியோ தம் குடும்ப ஏட்டில் அப்பிறப்பினைக் குறித்து வைத்தார். குழந்தைக்கு லியோனார்டோ என்று பெயரிட்டனர். வின்சி என்னும் ஊரைச் சேர்ந்தவர் என்ற பொருளில் லியோனார்டோ டா வின்சி என்று உலகம் பின்னாளில் அவரை அழைக்கலாயிற்று.

தந்தையார் பியரோ, ஆவணங்கள் எழுதிப் பதிவு செய்யும் தொழிலில் பெயர் பெற்றவர். தாயார் கத்தரீனா எளிய குடியைச் சேர்ந்தவர். இவ்விருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. ஆதலின், தந்தையாரின் தொழிலுக்குரிய சங்கத்தில் மகன் சேர்வதற்கு அக்காலத்து விதிகள் இடந்தரவில்லை. அறிஞர்களின் மொழியாக விளங்கிய இலத்தீனைப் பள்ளியில் முறையாகப் பயிலும் பேறும் லியோனார்டோவுக்குக் கிட்டவில்லை. இக்குறை அவர் உள்ளத்தை நெடுநாள் உறுத்திற்று. முப்பத்தைந்து வயது கடந்த பின்னர் அவர் இலத்தீன் சொற்களைப் பட்டியல் பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு, சிறுவரைப்போல் தாமே பயின்றார். எனினும், அக்குறையே அவருக்கு ஒரு நன்மையும் செய்தது எனலாம். நூல் கூறுவதை நம்பும் வழக்கம் படியுமுன்னரே, கண் காண்பதை நம்பும் வழக்கம் அவரிடம் வேரூன்றி விட்டது. அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். வலமிருந்து இடமாக எழுதுவார். அவருடைய குறிப்பேடுகளைப் படிக்க விரும்புவோர் அருகில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்தல் எளிது.

பிளாரன்சு நகரில் வெரோக்கியோ என்னும் கலைஞர் ஒரு பெரிய கலைக்கூடம் நடத்தி வந்தார். அவர் சிற்பி, ஓவியர், பொன் வேலையிலும் தேர்ந்தவர். இளைஞராகிய லியோனார்டோ அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். அக்காலத்துக் கலைக்கூடம் இக்காலத்துப் பள்ளி போன்றதன்று. மாணவர் வண்ணக் கற்களை அரைத்தல் வேண்டும். பலகைகளுக்கு வெண்பூச்சு இடுதல் வேண்டும். ஆசிரியர் இடும் ஏவல் அனைத்தையும் செய்தல் வேண்டும். இவற்றிற்கிடையே வரைதலையும் பயின்றனர். எலும்புத் தூள் கலந்த பூச்சினை இட்ட தாளின்மேல், கூரிய வெள்ளிக் கம்பியால் கோடு இழுப்பர். அக்கோட்டை அழித்தல் இயலாது. ஆதலால், கோடு இழுக்குமுன் நன்கு நோக்கும் பழக்கம் மாணவர்க்குத் தானே உண்டாயிற்று. லியோனார்டோ மண்ணால் உருவங்கள் செய்து, களிமண் கரைசலில் தோய்த்த துணியை அவற்றின்மேல் போர்த்தி, அத்துணியின் மடிப்புகளைப் பொறுமையோடு வரைந்து பழகினார் என்று, அவர் வரலாற்றை முதலில் விரிவாக எழுதிய வசாரி என்பார் கூறியுள்ளார். அத்தகைய துணிப் படங்கள் சில இன்றும் உள்ளன.

இங்கே ஒரு சுவையான செய்தி. பிளாரன்சு நகரத்து ஓவியர்கள், மருத்துவர்களும் மருந்து விற்போரும் சேர்ந்த சங்கத்தையே தங்கள் சங்கமாகக் கொண்டிருந்தனர். ஓவியர்க்கு வேண்டும் வண்ணப் பொருள்கள் மருந்துக் கடைகளில் கிடைத்தமையே இதற்குக் காரணம் என்பர். 1472-ஆம் ஆண்டில் லியோனார்டோவின் பெயர் அந்நகர ஓவியர் கழகத்தின் ஏட்டில் பதிவாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபது. அவர் வரைந்தவற்றுள் நாள் குறித்த மிகப் பழைய படம் மறு ஆண்டைச் சேர்ந்தது. அது 1473-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் மைக்கோலால் வரைந்த ஆர்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் காட்சி. இயேசுநாதர் திருமுழுக்குப் பெறும் காட்சியை வெரோக்கியோ தீட்டியபோது, அதில் ஒரு தேவதூதனின் உருவத்தை லியோனார்டோ வரைந்தார். அதனைக் கண்ட ஆசிரியர், மாணவன் தம்மை விஞ்சி விட்டான் என்று எண்ணித் தூரிகை தொடுவதையே விட்டார் என்பது வசாரி கூறும் கதை. அக்கதை முற்றும் உண்மையோ அன்றோ, அத்தேவதூதனின் முகத்தைக் காண்போர் அதனை நம்பவே விரும்புவர்.

மனித உடலைச் சரியாக வரைய விரும்புவோன் உடலின் உள்ளமைப்பையும் அறிதல் வேண்டும் என்னும் கருத்தை முதன்முதல் சொன்னவர் லியோனார்டோ அல்லர். ஆல்பர்ட்டி என்னும் அறிஞர் 1435-ஆம் ஆண்டில் இயற்றிய ஓவிய நூலில், முதலில் எலும்புகளையும், பின்னர் அவற்றின்மேல் தசைகளையும், இறுதியில் தோலையும் எண்ணி வரைதல் வேண்டும் என்று கூறியிருந்தார். பிளாரன்சிலேயே வாழ்ந்த பொல்லையுவோலோ என்னும் கலைஞர் சடலங்களின் தோலை உரித்துத் தசைகளை ஆராய்ந்தார் என்பதும் வழிவழி வந்த செய்தி. மற்றவர்கள் ஓவியத்திற்கு வேண்டும் அளவோடு நின்றனர். லியோனார்டோவோ தொடங்கிய பின் நிற்க அறியாதவராயினார். தோலின் கீழுள்ள தசையைக் காணச் சென்றவர், தசையை இயக்கும் நரம்பைக் காண விழைந்தார். நரம்பைப் பின்தொடர்ந்து மூளைக்குச் சென்றார். குருதிக் குழாயைப் பின்தொடர்ந்து இதயத்திற்குச் சென்றார். அவர் பெருமையும் குறையும் இதனுள் அடங்கும்.

1482-ஆம் ஆண்டளவில் அவர் மிலான் நகருக்குச் சென்று, அந்நகரை ஆண்ட லுடோவிக்கோ கோமகனிடம் பணியில் அமர்ந்தார். ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். குறிப்பேடுகளை நிரப்பும் வழக்கம் அந்நகரிலேயே அவருக்கு நிலைபெற்றது. ஓவியம் கற்போர்க்கென அவர் ஆங்காங்கு எழுதிய அறிவுரைகளைத் தொகுத்து நோக்கினால், அவர் தாமே பயின்ற முறை நமக்கு விளங்கும். கற்போன் முதலில் நல்ல ஆசிரியர்களின் வரைபடங்களைப் பார்த்து வரைதல் வேண்டும். அதன்பின் புடைத்து நிற்கும் சிற்பங்களைப் பார்த்து வரைதல் வேண்டும். கை பழகிய பின்னரே உயிருள்ள உருவங்களை நோக்கி வரைதல் வேண்டும். விரைவாக வரைய முயலுமுன் கவனமாக வரையப் பழகுதல் வேண்டும். இரவில் படுக்கையில் கிடக்கும்போதும், பகலில் வரைந்த உருவத்தின் கோடுகளை மனத்திற்குள் மீண்டும் இழுத்துப் பார்த்தல் நினைவுக்கு வலிமை தரும். இவையே அவர் வகுத்த படிகள்.

தெருவிற்குச் செல்லும்போது சிறு குறிப்பேடு ஒன்றை இடைக்கச்சில் செருகிக்கொள்ளுமாறும் அவர் கூறினார். மக்கள் பேசும்போதும், சண்டையிடும்போதும், சிரிக்கும்போதும் அவர்கள் அறியாவண்ணம் சில கோடுகளால் அவ்வுருவங்களைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். தாம் நோக்கப்படுவதை அறிந்தவுடன் மனிதரின் இயல்பு மாறிவிடும் அன்றோ! அக்குறிப்பேட்டின் தாள்களும் பூச்சிட்ட தாள்களாகவே இருத்தல் நலம். வரைந்ததை அழிக்க முயலாமல், பழைய தாளை வைத்துவிட்டுப் புதிய தாளில் மீண்டும் வரைய அவை தூண்டும். பேச இயலாதவர்கள் கையாலும் முகத்தாலும் தம் கருத்தை உணர்த்தும் முறையைக் கூர்ந்து நோக்குமாறும் அவர் அறிவுறுத்தினார். விந்தையான முகமுடைய ஒருவரைத் தெருவில் கண்டால், லியோனார்டோ நாள் முழுதும் அவர் பின்னே செல்வாராம். வீடு திரும்பியதும், எதிரில் அமர்ந்திருப்பவரை வரைவதுபோல் அம்முகத்தை வரைந்து விடுவாராம்.

உயிருள்ள உருவங்களை நோக்கி வரைந்தும் அவருக்கு நிறைவு உண்டாகவில்லை. 1489-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாளிட்ட குறிப்பேட்டில், மண்டையோட்டின் படங்கள் சில உள்ளன. மண்டையோட்டை நேர்பாதியாக அறுத்து, ஒரு பாதியில் முகத்தின் மேற்புறத்தையும், மறு பாதியில் அதன் உள்ளறைகளையும் காட்டி வரைந்துள்ளார். கண்குழிக்கு மேலும் கன்ன எலும்பினுள்ளும் இருக்கும் காற்றறைகளை அவ்வளவு தெளிவாக அதற்குமுன் யாரும் வரைந்ததில்லை. ஆயினும், அக்காலத்தில் அவர்க்கு முழுச் சடலங்கள் எளிதிற் கிடைக்கவில்லை. எலும்புகளையும் விலங்குகளின் உடல்களையும் கொண்டே பெரும்பாலும் ஆராய்ந்தார். வட்டத்தினுள்ளும் சதுரத்தினுள்ளும் கைகால்களை விரித்து நிற்கும் மனிதனின் படத்தை நீங்கள் கண்டிருக்கக்கூடும். விட்ரூவியசு என்னும் பண்டைய உரோமானியக் கட்டடக் கலைஞர் கூறிய உடல் அளவுகளை, உயிருள்ள மனிதரை அளந்து சரிபார்த்த காலத்தில், 1490-ஆம் ஆண்டளவில், அவர் அதனை வரைந்தார்.

கோமகனின் தந்தையார்க்குக் குதிரைமீதமர்ந்த வெண்கலச் சிலை ஒன்று அமைக்கும் பணி லியோனார்டோவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதற்காக அவர் குதிரை இலாயங்களுக்குச் சென்று சிறந்த குதிரைகளைப் பகுதி பகுதியாக அளந்தார். கால்களையும் மார்பையும் பிடரியையும் பல பக்கங்களிலிருந்து வரைந்தார். 1493-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 24 அடி உயரமுள்ள களிமண் குதிரை முடிந்து நின்றது. மறு ஆண்டில், சிலைக்கென வைத்திருந்த வெண்கலம் பீரங்கி வார்க்கப் போயிற்று. 1499-ஆம் ஆண்டில் மிலானைப் பிடித்த பிரெஞ்சுப் படையின் வில் வீரர்கள் அக்களிமண் குதிரையைக் குறிபார்த்து எய்து விளையாடினர். குதிரை அழிந்தது, குதிரைகளின் வரைபடங்கள் எஞ்சின.

இறுதி இராவுணவு என்னும் புகழ் பெற்ற சுவரோவியத்தை அவர் தீட்டியதும் அக்காலத்திலேதான். தம் சீடருள் ஒருவன் தம்மைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசுநாதர் கூறியதும், பன்னிரு சீடரும் பன்னிரு விதமாகக் கலங்கும் காட்சி அது. எழுகின்ற கை, விரிகின்ற கை, கத்தியைப் பற்றிய கை, பின்வாங்கும் உடல் என ஒவ்வோர் உருவமும் ஓர் உள்ள நிலையைக் காட்டுகின்றது. தெருவிலும் கடைவீதியிலும் நிரப்பிய குறிப்பேடுகளின் பயன் இங்கே புலனாகும். அதற்கென யூதாசின் தலையை அவர் செங்காவிக் கட்டியால் வரைந்த படம் இன்றும் உள்ளது. திரும்பிய கழுத்தில் தசைகள் முறுக்கி நிற்கின்றன. அப்படத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் அதைப்பற்றி ஒன்று கூறவேண்டியுள்ளது.

1500-ஆம் ஆண்டில் அவர் பிளாரன்சுக்குத் திரும்பினார். அந்நகர ஆட்சி மன்றத்தின் பெருங்கூடத்தில் ஆங்கியாரிப் போரினைத் தீட்டத் தொடங்கி, கூவும் வீரரின் முகங்களையும் கனைக்கும் குதிரைகளின் முகங்களையும் ஒப்பிட்டு வரைந்தார். அவ்வோவியம் முற்றுப்பெறவில்லை. மோனா லிசா எனப்படும் மங்கையின் படத்தைத் தொடங்கியதும் அந்நாள்களிலேயே. அதன் புன்முறுவலைப்பற்றி எழுதாதவர் இல்லை. அதே ஆண்டுகளில், உதடுகளை அசைக்கும் தசைகளைத் தனித்தனியே பிரித்து அவர் வரைந்து கொண்டிருந்தார் என்பதையோ பலர் அறியார்.

1507-ஆம் ஆண்டின் இறுதியில், அல்லது அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், குளிர்காலத்தில், பிளாரன்சிலுள்ள சாந்தா மரியா நுவோவா என்னும் மருத்துவமனைக்கு லியோனார்டோ சென்றார். அங்கே ஒரு முதியவர் படுக்கையில் அமர்ந்திருந்தார். தமக்கு வயது நூறு கடந்துவிட்டது என்றும், உடலில் தளர்ச்சியைத் தவிர வேறு நோய் எதனையும் தாம் உணரவில்லை என்றும் அவர் லியோனார்டோவிடம் கூறினார். பேசிய சில மணி நேரத்திற்குள், எவ்விதத் துன்பமும் இன்றி, அசைவும் இன்றி, அமர்ந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவ்வளவு இனிய சாவு எவ்வாறு வந்தது என்று அறிய லியோனார்டோ விழைந்தார். அம்முதியவரின் உடலை அறுத்து ஆராய்ந்தார்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். லியோனார்டோ கல்நெஞ்சர் அல்லர். சந்தையில் கூண்டில் அடைத்து விற்கப்படும் பறவைகளை, கேட்ட விலை கொடுத்து வாங்கி, அங்கேயே வானில் பறக்க விடுவது அவர் வழக்கம் என்று வசாரி எழுதியுள்ளார். அத்தகையவர், சில மணி நேரத்திற்கு முன் தம்மோடு உரையாடிய மனிதரின் உடல்மீது கத்தியை வைத்தார். அருவருப்பும் அச்சமும் அவர்க்கும் இருந்தன. இக்கல்வியில் விருப்பம் உடையவனையும் குமட்டல் தடுக்கக்கூடும். அதனை வென்றாலும், தோலுரித்த சடலங்களோடு இரவில் தனித்திருக்கும் அச்சம் தடுக்கக்கூடும். அதையும் வென்றாலும், வரையும் திறமோ கணக்கறிவோ பொறுமையோ இல்லாமை தடுக்கக்கூடும் என்று அவர் தம் குறிப்பில் வெளிப்படையாக எழுதியுள்ளார். இறந்த முதியவரை அவர் ஓர் ஆராய்ச்சிப் பொருளாக மட்டும் கருதவில்லை என்பதற்கு, அவருடைய கடைசி மணி நேரத்தை அவ்வளவு மென்மையாகக் குறித்து வைத்ததே சான்று.

ஆராய்ச்சியில் அவர் கண்டது யாது? முதியவரின் குருதிக் குழாய்கள் தடித்தும் சுருண்டும் உட்புறம் குறுகியும் இருந்தன. இதயத்திற்கும் உறுப்புகளுக்கும் ஊட்டம் தரும் குருதி குறைந்தமையால் உடல் வாடி உயிர் நீங்கிற்று என்று அவர் முடிவு செய்தார். பின்னர், இரண்டு வயதில் இறந்த ஒரு குழந்தையின் உடலையும் ஆராய்ந்து ஒப்பிட்டார். குழந்தையின் குழாய்கள் நேராகவும் நெகிழ்வாகவும் இருந்தன. முதுமையில் குருதிக் குழாய்கள் தடித்து அடைபடுதலை இக்கால மருத்துவர் நன்கு அறிவர். அந்நிலையைக் கண்டு விளக்கிய முதல் குறிப்பு ஓர் ஓவியரின் ஏட்டில் உள்ளது.

அக்காலத்துப் பல்கலைக்கழகங்களிலும் உடலறுவை நடைபெற்று வந்ததுண்டு. ஆயின், பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, கேலன் முதலிய பழம்பெரும் மருத்துவரின் கொள்கைகளைப் படிப்பார். கீழே வேறொருவர் கத்தியால் அறுப்பார். கேலனோ குரங்கு முதலிய விலங்குகளின் உடல்களையே பெரும்பாலும் ஆராய்ந்தவர். நூலும் உடலும் முரண்பட்டால் நூலையே நம்புவது வழக்கமாக இருந்தது. லியோனார்டோவோ கத்தியையும் மைக்கோலையும் தம் ஒரே கையில் மாறி மாறி ஏந்தினார்.

1510-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பாவியாப் பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியராகிய மார்க்கந்தோனியோ தெல்லா தோர்ரே என்பாரோடு அவர் தொடர்பு கொண்டிருந்தார். அதன்பின் சடலங்கள் தடையின்றிக் கிடைத்தன. சடலம் கெடாமல் காக்கும் வழிகள் இல்லாத காலம் அது. ஆதலால் இவ்வாராய்ச்சிக்குக் குளிர்காலமே ஏற்றது. ஓர் உடல் கெடுமுன் அதில் ஒரு பகுதியைத்தான் ஆராய இயலும். மற்றொரு பகுதிக்கு மற்றோர் உடல் வேண்டும். இவ்வாறு பல உடல்களில் கண்டவற்றை இணைத்து அவர் ஒரே படமாக வரைந்தார். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் பதினெட்டுத் தாள்களில் 240-க்கு மேற்பட்ட படங்களையும், 13,000-க்கு மேற்பட்ட சொற்களில் விளக்கங்களையும் எழுதி முடித்தார்.

அப்படங்கள் வரையும் கலையிலேயே ஒரு புதுமையாகும். ஒரு சிற்பத்தைச் சுற்றி நடந்து பார்ப்பதுபோல், தோளையும் கையையும் முன்புறம் தொடங்கிப் பின்புறம் வரையில் சிறிது சிறிதாகத் திருப்பி வரிசையாக வரைந்தார். முதலில் தோல், அதன்கீழ்த் தசை, அதன்கீழ் எலும்பு என அடுக்கடுக்காக நீக்கிக் காட்டினார். தசைகள் ஒன்றன்மேல் ஒன்று மறைக்கும் இடங்களில், தசைகளை நூற்கயிறுகளாக மாற்றி வரைந்து, அவை எலும்பை எத்திசையில் இழுக்கின்றன என்று விளக்கினார். முதுகெலும்பை அதன் இயற்கையான வளைவுகளோடு முதன்முதல் சரியாக வரைந்தவரும் அவரே.

மாணவர்களே, அவர் கண்ட உண்மைகளுள் ஒன்றை நீங்கள் இப்பொழுதே கண்டறியலாம். வலக்கையை முழங்கையில் மடித்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். இடக்கையால் வலது மேற்கையின் முன்புறத் தசையைப் பற்றிக்கொள்ளுங்கள். இப்போது முழங்கையை அசைக்காமல், உள்ளங்கையை மட்டும் மேல்நோக்கி வலிமையாகத் திருப்புங்கள். பற்றிய தசை திரண்டு கடினமாதலை உணர்வீர்கள். அத்தசை கையை மடக்குவதற்கு மட்டுமே உரியது என்று எண்ணுதல் எளிது. உள்ளங்கையைத் திருப்பும் தொழிலும் அதற்கு உண்டு என்பதை லியோனார்டோ கண்டு வரைந்தார். கதவின் திறவுகோலைத் திருகும் ஒருவனை வரைய வேண்டுமாயின், அவன் விரல்களை மட்டும் நோக்குதல் போதாது. மேற்கையிலும் தசை திரளும். இதனை அறியாதவன் கண்ணெதிரே அது திரண்டாலும் காணான். உடற்கூறு ஓவியனுக்குத் தரும் உதவி இத்தகையது.

ஆனால், கற்ற தசைகளையெல்லாம் எல்லா உருவங்களிலும் காட்ட முயலும் ஓவியரை அவர் எள்ளினார். அத்தகைய உருவம் மனிதனைப்போல் இராமல், கொட்டைகள் நிரப்பிய மூட்டைபோல் தோன்றும் என்பது அவர் கருத்து. எச்செயலில் எத்தசை உழைக்கின்றதோ, அதனை மட்டுமே புடைத்ததாகக் காட்டுதல் வேண்டும். ஓய்ந்திருப்பவை மென்மையாகவே இருத்தல் வேண்டும்.

முன்னர்க் கூறிய யூதாசின் தலைப்படத்தை இப்பொழுது நினைத்துக்கொள்வோம். கழுத்தின் பக்கத்தில், காதின் பின்புறமிருந்து மார்பெலும்பை நோக்கி இறங்கும் தசை ஒன்று உண்டு. அது கீழே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மார்பெலும்பிலும் மற்றொரு கிளை காறையெலும்பிலும் பொருந்தும். யூதாசின் படத்தில் அது பிரிவின்றி ஒன்றாகவே உள்ளது. 1510-ஆம் ஆண்டளவில் சடலங்களை நோக்கி வரைந்த படங்களில் இரண்டு கிளைகளும் சரியாக உள்ளன. ஆனால், அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே பிளாரன்சில் தொடங்கி முடிக்காமல் விட்ட புனித ஜெரோம் என்னும் ஓவியத்திலும் அவ்விரு கிளைகள் சரியாகக் காணப்படுகின்றன! அவர் அறியாத ஒன்று முன்னரே ஓவியத்தில் வந்தது எவ்வாறு? உடற்கூறு கற்ற பின்னர், அந்தப் பழைய ஓவியத்தை அவர் மீண்டும் எடுத்துக் கழுத்தைத் திருத்தியிருத்தல் வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். ஒரு தசைக்காக முப்பது ஆண்டுப் பழைய பலகையை மீண்டும் தொட்டவர், ஓவியங்களை முடிக்காமல் விட்டார் என்று குறைகூறப்படுவதில் வியப்பில்லை.

1511-ஆம் ஆண்டில் மார்க்கந்தோனியோ கொள்ளைநோயால் மாண்டார். அதன்பின் மனித உடல்கள் கிடைப்பது அரிதாயிற்று. லியோனார்டோ எருதின் இதயத்தை எடுத்துக்கொண்டார். இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாயின் அடியிலுள்ள வால்வுகளை ஆராய்ந்து, அவ்விடத்தைப்போல் கண்ணாடிக் குழாய் ஒன்று அமைத்து, புல் விதைகள் கலந்த நீரை அதனுள் செலுத்தி நோக்குவதற்குத் திட்டமிட்டார். வால்வின் பின்னே குருதி சுழல்வதாலேயே அது மூடுகின்றது என்று அவர் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் நடைபெற்ற ஆய்வுகள் அக்கருத்துக்குச் சான்றளித்தன. அவர் பிழை செய்யாதவர் அல்லர். தாயின் கருப்பையில் சுருண்டு கிடக்கும் குழந்தையை அழகுற வரைந்தவர், கருப்பையின் சுவரைப் பசுவினுடையதைப்போல் வரைந்துவிட்டார். குருதி உடலெங்கும் சுற்றி வருகின்றது என்பதையும் அவர் உணரவில்லை.

1513-ஆம் ஆண்டில் ரோமாபுரிக்குச் சென்றார். அங்கே அவருக்கு உதவியாக அமர்த்தப்பட்ட ஜெர்மானியக் கைவினைஞன் ஒருவன், அவருடைய உடற்கூற்று ஆராய்ச்சியைப்பற்றிப் போப்பாண்டவரிடமும் மருத்துவமனையாரிடமும் பழி கூறினான். அதனால் ஆராய்ச்சி தடைப்பட்டது. லியோனார்டோ இதனை வருத்தத்தோடு குறித்துள்ளார். 1516-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிசு அவரைத் தம் நாட்டிற்கு அழைத்து, ஆம்புவாசு நகரில் ஒரு மாளிகையும் பொருளும் அளித்துப் போற்றினார். மறு ஆண்டு அக்டோபர் திங்களில், அரகோனாக் குடும்பத்தைச் சேர்ந்த கர்தினால் ஒருவர் அவரைக் காண வந்தார். முதியவராகிய லியோனார்டோ தம் ஏடுகளை அவருக்குக் காட்டி, ஆணும் பெண்ணுமாக, பல வயதினராக, முப்பதுக்கு மேற்பட்ட உடல்களை ஆராய்ந்திருப்பதாகக் கூறினார். அவர் கையில் அப்போது வாதநோய் கண்டிருந்தது. 1519-ஆம் ஆண்டு மே திங்கள் 2-ஆம் நாள், தம் அறுபத்தேழாம் வயதில் அவர் காலமானார்.

அவர் எழுத எண்ணிய உடற்கூற்று நூல் வெளிவரவேயில்லை. மேலும் ஓர் உடல், மேலும் ஒரு தசை என்று திருத்திக்கொண்டே இருந்தவர், அச்சகத்திற்கு அனுப்பும் நாளைக் கடத்திக்கொண்டே சென்றார். உலகிற்கு இது பேரிழப்பு என்றே சொல்லுதல் வேண்டும். அவர் மறைந்து இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், 1543-ல், வெசேலியசு என்னும் மருத்துவர் தம் பெருநூலை வெளியிட்டுப் புதிய உடற்கூற்றியலின் தந்தை என்னும் பெயரைப் பெற்றார். லியோனார்டோவின் தாள்களோ அவர் மாணவர் மெல்சியின் வீட்டில் இருந்தன. பின்னர்க் கைம்மாறி, பதினேழாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கிலாந்து மன்னரின் தொகுப்பைச் சேர்ந்தன. அங்கே அவை நெடுங்காலம் பெரிதும் அறியப்படாமலே கிடந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் அண்டர் என்னும் பேர்பெற்ற உடற்கூற்று ஆசிரியர் அவற்றைக் கண்டு வியந்தார். அவை முழுதும் அச்சில் வெளிவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் தொடங்கியே.

அத்தாள்கள் விண்ட்சர் கோட்டையில் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்று, ஒரு பெண்ணின் உள்ளுறுப்புகளையும் குருதிக் குழாய்களையும் காட்டும் பெரிய படம். அதன் இடது ஓரத்தில் செம்பழுப்பு நிற மைக்கறை ஒன்று உள்ளது. மை தோய்ந்த கையோடு லியோனார்டோ அத்தாளை எடுத்தபோது பதிந்த அவருடைய இடக்கைக் கட்டைவிரலின் அடையாளம் அது என்று, அவர் மறைந்த ஐந்நூறாம் ஆண்டாகிய 2019-ல் அத்தொகுப்பைக் காப்போர் அறிவித்தனர்.